கூஃபாக்ஸின் முழங்கை

அன்புள்ள ஐயா,

விளையாட்டு பற்றிய உங்கள் கட்டுரை ஒன்றில் சாண்டி கூஃபாக்ஸ் என்ற பேஸ்பால் பிட்சர் முப்பது வயதில் ஓய்வுபெற்றதைப் போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். தேடிப் படித்தேன். 1966இல் 27 வெற்றி (அணி ஜெயித்தால் அது பிட்சரின் கணக்கிலும் எழுதப்படுமாம்), அதே ஆண்டு விலகல். உச்சியில் இருக்கும்போதே உதறிவிட்டுப் போக ஒரு துறவி மனம் வேண்டும் அல்லவா? இன்னொரு சந்தேகம். நாலு நாளைக்கு ஒருமுறை பந்தெறிகிறவருக்கு உடம்பு அப்படி என்ன கெட்டுப்போகும்? நம் வேகப்பந்து வீச்சாளர்கள் டெஸ்ட்டில் நாளெல்லாம் போடுகிறார்களே! பேஸ்பாலே பார்த்திராத நான் எதில் தொடங்கலாம்?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

துறவெல்லாம் இல்லை. கை போய்விட்டது. விலகியபோது அவரே அதைத்தான் சொன்னார்: இனியும் நிறைய வருடங்கள் வாழ வேண்டியிருக்கிறது, முழு உடம்போடு வாழ ஆசைப்படுகிறேன் என்று.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். கிரிக்கெட்டில் ஓடிவரும் வேகம் பந்துக்குப் போகிறது, கையை நீட்டித்தான் போட வேண்டும். பேஸ்பாலில் பந்தெறிகிற பிட்சருக்கு ஓட்டம் கிடையாது. மைதானத்தில் அதற்கென இருக்கும் சின்ன மேட்டில் நின்ற இடத்திலிருந்து, மடக்கிய கையால் எறிகிறார். இடுப்பும் தோளும் திரும்பி முன்னே வந்துவிட்ட பிறகும் முன்கை பின்னாலேயே கிடக்கும். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அது முன்னால் வந்தாக வேண்டும். அந்த இழுப்பு முழுக்க முழங்கையின் உட்பக்கத்தில் எலும்புகளைப் பிடித்துவைத்திருக்கும் சின்ன நாரில் விழுகிறது. ஒரு ஆட்டத்தில் நூறு தடவை.

ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் இன்றைய ஸ்டார்ட்டிங் பிட்சர் ஆறு இன்னிங்ஸ் முடித்தால் கைதட்டி உள்ளே அழைத்துக்கொள்வார்கள். கூஃபாக்ஸ் 1965இலும் 1966இலும் தலா 41 ஆட்டங்களைத் தொடங்கினார், தலா 27 ஆட்டங்களில் ஒன்பது இன்னிங்ஸையும் தானே முடித்தார். அதுவும் அடிபட்டதால் வந்த மூட்டழற்சி என்று மருத்துவர்கள் சொல்லிவிட்ட முழங்கையோடு. 1964 ஆகஸ்டில் தன் அணி மட்டை பிடித்தபோது, ரன்னுக்காக ஓடுகிறவர் தொட்டு நிற்க வேண்டிய இடங்களில் ஒன்றான இரண்டாவது பேஸுக்குத் திரும்பப் பாய்ந்து விழுந்ததில் தொடங்கியது அது. 1965 தொடக்கத்தில் ஒரு பயிற்சி ஆட்டம் முடிந்து மறுநாள் எழுந்தபோது இடது கை முழுக்க ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. வாரத்துக்கு ஒருமுறை எறிந்தால் போதும் என்றுதான் முதலில் பேச்சு. காற்றில் போன பேச்சு.

அவர் எப்படி எறிந்தார் என்பதைத் தெரிந்துகொண்டால் துறவு என்ற நினைப்பே வராது. ஆட்டத்துக்கு முன் கையில் கேப்சோலின் என்ற களிம்பைத் தேய்ப்பார்கள். மிளகாயிலிருந்து எடுத்தது. நமக்குச் சொல்ல வேண்டியதில்லை, மிளகாய் அரைத்த கை ராத்திரியெல்லாம் என்ன பாடு படும் என்று. உள்ளுக்குக் கோடீன் என்ற வலி மாத்திரை, முழங்கைக்குள் வீக்கத்தை அடக்கும் கார்ட்டிசோன் ஊசி. முடிந்ததும் ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் முழங்கையை அமிழ்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கை நேராக நிமிராது என்பதால் கோட்டின் இடது கையைத் தையல்காரர் குட்டையாக்க வேண்டியிருந்தது. இந்த நிலைமையில்தான் 1965 வேர்ல்ட் சீரிஸின், அதாவது ஆண்டின் இறுதிப் போட்டித் தொடரின், ஏழாவதும் கடைசியுமான ஆட்டம். இரண்டே நாள் ஓய்வு. வளைபந்து அன்று சொன்னபடி கேட்கவில்லை. ஏறக்குறைய வேகப்பந்தை மட்டும் வைத்துக்கொண்டு மினசோட்டா அணியை 2-0 என்று முடித்தார்.

எல்லாரும் அவர் இழந்த பிற்பகுதிக்கு வருத்தப்படுகிறார்கள். எனக்கு வருத்தம் முற்பகுதிக்கு. அன்றைய விதிப்படி 4,000 டாலருக்கு மேல் ஒப்பந்த போனஸ் வாங்கிய பையனை இரண்டு வருடம் பெரிய அணியிலேயே வைத்திருக்க வேண்டும். கூஃபாக்ஸ் வாங்கியது 14,000. கீழ்நிலைச் சின்ன லீகில் போய்த் தொழில் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய பத்தொன்பது வயதுப் பையன், தான் சேர்ந்த பெரிய அணியான புரூக்ளின் டாட்ஜர்ஸின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். 1955இல் அவனுக்கு இடம் விடுவதற்காகக் கீழே அனுப்பப்பட்டவர் டாமி லசோர்டா, பின்னாளில் இருபது வருடம் அதே அணியின் மேலாளர். முதல் ஆறு சீசன்களில் கூஃபாக்ஸ் 36 வெற்றி, 40 தோல்வி. பந்து எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது. 1961இல் நார்ம் ஷெர்ரி என்ற கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி, பிட்சர் எறிவதைப் பிடிக்கிறவர்) அவ்வளவு முறுக்கி எறியாதே, கொஞ்சம் தளர்த்து என்றார். அதற்குப் பிறகு ஆறு சீசன்களில் 129 வெற்றி, 47 தோல்வி. ஒரு கேட்சர் சொன்ன அந்த ஒரு வார்த்தையை 1956இல் எந்தப் பயிற்சியாளராவது சொல்லியிருக்கக் கூடாதா என்பதுதான் என் ஆதங்கம்.

கூஃபாக்ஸ் விலகி எட்டு வருடத்தில், அதே டாட்ஜர்ஸின் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முழங்கை நார் அறுந்தது. மருத்துவர் ஃபிராங்க் ஜோப் வலது கையிலிருந்து ஒரு நாரை எடுத்து இடது முழங்கையில் கட்டினார். தேறுவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்றாராம். டாமி ஜான் 1976இல் திரும்பி வந்து 46 வயது வரை எறிந்தார். மொத்த வெற்றி 288, அதில் 164 அறுவைக்குப் பிறகு. இன்று பள்ளிப் பையன்கள்கூட அந்த அறுவையைச் செய்துகொள்கிறார்கள், அது எனக்கு நல்லதாகப் படவில்லை. கூஃபாக்ஸுக்கு அந்த வசதி இருந்திருந்தால் முப்பதில் வீட்டுக்குப் போயிருப்பாரா? மாட்டார் என்றே நினைக்கிறேன்.

எங்கே தொடங்குவது? 1965 செப்டம்பர் 9, சிகாகோ கப்ஸுக்கு எதிராக அவர் ஒருவரைக்கூட பேஸுக்கு விடாத ஆட்டம். கடைசி இன்னிங்ஸுக்கு வின் ஸ்கல்லி செய்த வானொலி வர்ணனையின் பதிவு கிடைக்கிறது. விதிகள் புரியாவிட்டாலும் கேளுங்கள். மட்டை பிடித்த 27 பேரில் 14 பேர் ஸ்ட்ரைக் அவுட், அதாவது பந்தை அடிக்க முடியாமலே அவுட், கடைசி ஆறு பேரும் வரிசையாக. ஆனால் ஸ்கோர் 1-0தான். எதிரில் கப்ஸுக்காக எறிந்த பாப் ஹெண்ட்லி விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு ஹிட் (அடித்துவிட்டு பேஸை எட்டுவது), அதிலும் ரன் வரவில்லை. அந்த ஒரு ரன் கேட்சர் தவறாக எறிந்ததில் வந்தது. ஐந்து நாள் கழித்துச் சிகாகோவில் இருவரும் மறுபடி மோதினார்கள். ஹெண்ட்லி 2-1 என்று ஜெயித்தார். முடிந்தால் அவரைப் பற்றியும் படியுங்கள்.