ஆலைக் கழிவு: எந்தப் பேரலுக்கு எந்த எண்?

கேள்வி: கோவையில் சிறிய குரோம் பிளேட்டிங் பட்டறை நடத்துகிறோம். இ.டி.பி. (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) ஸ்லட்ஜை, அதாவது அதில் படியும் சேற்றை, லேபில் கொடுத்துப் பார்த்ததில் குரோமியம் லிட்டருக்கு 3 மி.கி. என்று வந்தது. வரம்பு 5 என்கிறார்கள். இனி இதைச் சாதாரணக் குப்பையோடு அனுப்பலாமா?

பதில்: கூடாது. லேப் முடிவிலிருந்து தொடங்குவதுதான் இங்கே சிக்கல். 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகள் முதலில் கேட்பது, கழிவு எந்த வேலையிலிருந்து வந்தது என்பதை. அதற்குத்தான் முதல் அட்டவணை. உலோக மேற்பூச்சு வேலைகள் அதில் 12-ஆம் வரிசை: தீர்ந்துபோன அமிலமும் காரமும் 12.2, சயனைடோ நச்சு உலோகமோ உள்ள பழைய பாத் (பிளேட்டிங் தொட்டிக் கரைசல்) 12.3, பிளேட்டிங் உலோக ஸ்லட்ஜ் 12.8. கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் வரும் ரசாயன ஸ்லட்ஜுக்குத் தனியாக 35.3. உங்களுடையது இந்தக் கடைசி எண். பட்டியலில் இருப்பதாலேயே அது அபாயக் கழிவு. அபாயமற்றது என்று, அளவு வரம்புகளைத் தரும் இரண்டாம் அட்டவணையைக் கொண்டு நிரூபிக்க விதி இடம் தருகிறது, உண்மைதான். ஆனால் மாசு கட்டுப்பாட்டு வாரியம் அதை ஏற்க வேண்டும். ஒரே பேரலில் மேலாக அள்ளிய ஒரு கைப்பிடி சாம்பிளை வைத்துக்கொண்டு அந்த வாதத்துக்குப் போகாதீர்கள்.

அந்த 3 எப்படி வந்தது என்றும் லேபில் கேளுங்கள். டி.சி.எல்.பி. (கழிவிலிருந்து நச்சு எவ்வளவு கரைந்து வெளியேறும் என்று பார்க்கும் சோதனை) முறையில் 100 கிராம் ஸ்லட்ஜ் எடுத்து, அதைப்போல் 20 மடங்கு எடைக்கு நீர்த்த அசிட்டிக் அமிலக் கரைசல் சேர்த்து, நிமிடத்துக்கு 30 சுற்று வீதம் சுமார் 18 மணி நேரம் சுழற்றி வடிகட்ட வேண்டும். அந்த வடிநீரில் இருப்பதைத்தான் 5 மி.கி. வரம்போடு ஒப்பிடலாம். வெறும் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து எடுத்த எண்ணுக்கு இங்கே மதிப்பில்லை.

முறையாகவே செய்திருந்தாலும் இன்றைய 3 அடுத்த மாதம் 30 ஆகலாம். காரணம் உங்கள் ரிடக்‌ஷன் தொட்டி. ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் (நீரில் கரையும், நச்சு மிகுந்த வடிவம்) சுண்ணாம்பு போட்டால் படியாது. அந்தத் தொட்டியில்தான் அதைப் படியக்கூடிய வடிவுக்கு மாற்ற வேண்டும். பி.ஹெச்-ஐ 2.5 வாக்கில் இறக்கி, சோடியம் மெட்டாபைசல்பைட் சேர்த்து, மஞ்சள் நிறம் போய்ப் பச்சையாகும்வரை கலக்க வேண்டும். அதன் பிறகே 8.5 முதல் 9 வரை ஏற்றிப் படியவிட வேண்டும். அமிலச் செலவை மிச்சம் பிடிக்க பி.ஹெச். 5-லேயே மெட்டாபைசல்பைட்டைக் கொட்டுகிறவர்கள் உண்டு. அங்கே வினை ஆமை வேகம்தான். மாறாத குரோமியம் ஃபில்டர் பிரஸ் கேக்கின் (நீர் பிழிந்த ஸ்லட்ஜ் கட்டியின்) ஈரத்தில் தங்கிவிடும். மழை பட்டால் மஞ்சளாக வழியும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையில் குவிந்து கிடக்கும் ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது இதே ஹெக்ஸாவேலன்ட் குரோமியத்தால்தான்.

சயனைடு பாத்தும் இருந்தால், 12.2 அமிலப் பேரலும் 12.3 பேரலும் ஒரே தடுப்புச் சுவருக்குள் நிற்கவே கூடாது. இரண்டும் ஒழுகிக் கலந்தால் கிளம்புவது ஹைட்ரஜன் சயனைடு வாயு.

கேள்வி: ஓசூரில் மெஷின் ஷாப். பழைய ஹைட்ராலிக் ஆயில், எண்ணெய் துடைத்த பனியன் வேஸ்ட், காலி தின்னர் டிரம் எல்லாவற்றையும் காயலான் கடைக்காரரே எடுத்துக்கொள்கிறார். இதில் தவறு உண்டா?

பதில்: மூன்றிலுமே உண்டு. முதல் அட்டவணையில் ஆயில் 5.1, துடைத்த துணி 33.2, டிரம் 33.1. மூன்றையும் வாரியத்தின் அங்கீகாரம் பெற்றவரிடம் மட்டுமே கொடுக்கலாம். உங்களுடைய அங்கீகாரத்திலும் இந்த எண்களும் ஆண்டு அளவும் இருக்க வேண்டும். பலர் 5.1-ஐ மட்டும் எழுதிவிட்டுத் துணியை மறந்துவிடுகிறார்கள். ஆய்வுக்கு வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அந்தத் துணிமூட்டைதான்.

ஆயில் பேரலில் தின்னரையோ டீகிரீசரையோ (எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் திரவம்) ஊற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயிலுக்குச் சாதாரணமாகத் தீப்பற்று நிலை மிக உயரம். தின்னர் கலந்தால் அது 60 டிகிரிக்குக் கீழே இறங்கி, எளிதில் தீப்பற்றும் கழிவு என்ற சி1 பண்பும் வந்து சேரும். குளோரின் உள்ள டீகிரீசர் கலந்த ஆயிலை மறுசுத்திகரிப்பாளர் திருப்பி அனுப்பிவிடுவார். அப்புறம் எரிப்பதற்கு நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும்.

கேள்வி: பாய்லர் சாம்பலும் அபாயக் கழிவா?

பதில்: நிலக்கரிச் சாம்பல் இல்லை. அளவு அதிகம், பாதிப்பு குறைவு என்று முதல் அட்டவணையிலிருந்து அதை விலக்கியிருக்கிறார்கள். அதற்கு வேறு விதிமுறைகள். ஆனால் அபாயக் கழிவை எரிக்கும் இன்சினரேட்டரின் சாம்பல் 37.2. பழைய டியூப் லைட்டுக்கு மின்னணுக் கழிவு விதிகள், யு.பி.எஸ். பேட்டரிக்கு பேட்டரிக் கழிவு விதிகள். அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: லோடு சேர்ந்தால்தான் கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவு மையத்துக்கு லாரி கட்டுப்படியாகிறது. எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

பதில்: 90 நாள். ஆண்டுக்கு 10 டன் வரை மட்டுமே உண்டாக்குகிறவர் கேட்டால் வாரியம் 180 நாள் வரை நீட்டிக்கலாம். அது தானாகக் கிடைக்காது, கெடு முடியுமுன் எழுதிக் கேட்க வேண்டும். கூரை, கசியாத தரை, சுற்றித் தடுப்புச் சுவர் வேண்டும். ஒவ்வொரு பேரலிலும் படிவம் 8 லேபிள்: பளிச்சென்ற மஞ்சள் பின்னணி, எச்சரிக்கை வாசகம் சிவப்பில், ஆங்கிலம், இந்தியோடு தமிழிலும். பேனாவால் எழுதிய காகிதம் இரண்டு மழைக்குத் தாங்காது. நனையாத ஸ்டிக்கராகவே அடியுங்கள். நிரப்பத் தொடங்கிய தேதி அதில் இல்லையென்றால் 90 நாளை எங்கிருந்து எண்ணுவது?

லாரி ஏறும்போது படிவம் 10 (கழிவோடு போகும் சரக்குச் சீட்டு), ஏழு பிரதி. வெள்ளை வாரியத்துக்கு, மஞ்சள் உங்கள் கோப்புக்கு. சரக்கு போய்ச் சேர்ந்ததும் பெறுகிறவர் உங்களுக்கு அனுப்ப வேண்டியது நீலம். நீலம் வரவில்லையென்றால் உடனே தொலைபேசியில் கேளுங்கள். ஜூன் 30-க்குள் படிவம் 4-இல் ஆண்டுக் கணக்கு காட்டும்போது படிவம் 3 பதிவேடும் இந்த நீலப் பிரதிகளும் கிலோ கணக்கில் ஒத்துப்போக வேண்டும். ஈரக் கேக்காக எடை போட்டுப் பதிந்துவிட்டு, காய்ந்த பிறகு அனுப்பினால் கணக்கில் பெரிய துண்டு விழும். எடையை எப்போது எடுத்தீர்கள், அப்போது ஈரம் எவ்வளவு என்று பதிவேட்டிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.