என்.ஆர்.இ. வட்டியும் ஒபாமாகேர் மானியமும்: டெக்சாஸிலிருந்து நியூஜெர்சிக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 57 வயது, மனைவிக்கு 53. கிரீன் கார்டு வந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. வேலை போனதால் டெக்சாஸில் 2026 ஜனவரியிலிருந்து மார்க்கெட்பிளேஸ் (ஒபாமாகேர் சட்டப்படி நடக்கும் மருத்துவக் காப்பீட்டுச் சந்தை) ப்ரான்ஸ் பிளானில் (பிரீமியம் குறைவு, கைச்செலவு அதிகம்) இருக்கிறோம். 401கே (வேலையிட ஓய்வூதியச் சேமிப்பு) கணக்கிலிருந்து எடுக்கப்போகும் 78,000 டாலரை மட்டும் வருமானமாகக் காட்டி மானியம் வாங்குகிறோம். என்.ஆர்.இ. (வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் இந்திய வங்கியில் வைக்கும்) டெபாசிட் வட்டி சுமார் 11,000 டாலர் வரும். இந்தியாவில் அதற்கு வரி இல்லை என்பதால் சொல்லவில்லை. இது பிரச்சினையா? மகன் இருக்கும் நியூஜெர்சிக்கு மாறினால் லாபமா?

பதில்: பிரச்சினைதான், ஆனால் சரிசெய்துவிடலாம். என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவில்தான் விலக்கு. அமெரிக்காவில் அது முழு வருமானம். ஆக உங்கள் கணக்கு 89,000. இரண்டு பேர் குடும்பத்துக்கு 2026 மானியத்தின் உச்சவரம்பு 84,600 டாலர், அதாவது வறுமைக்கோட்டைப் போல நான்கு மடங்கு. 2021 முதல் 2025 வரை இந்த வரம்பைத் தளர்த்தி வைத்திருந்தார்கள். அந்தச் சலுகை முடிந்துவிட்டது. இப்போது ஒரு டாலர் தாண்டினாலும் மானியம் பூஜ்யம். முன்பு, வரம்புக்குள் இருந்தவர்கள் கூடுதலாக வாங்கிய மானியத்தைத் திருப்பிக் கட்டுவதற்கு ஓர் உச்சத்தொகை இருந்தது. 2026 முதல் அதுவும் கிடையாது.

வழி எச்.எஸ்.ஏ. கணக்கு: மருத்துவச் செலவுக்கென்று சேமிப்பது, போடும் பணம் வருமானத்திலிருந்து கழியும். இந்த ஆண்டிலிருந்து மார்க்கெட்பிளேஸின் எல்லா ப்ரான்ஸ் பிளான்களுக்கும் அது உண்டு, சம்பள வருமானமும் தேவையில்லை. ஆண்டு முழுக்க அந்த பிளானில் இருந்தால் குடும்ப வரம்பு 8,750. உங்களுக்கு 55 தாண்டியதால் இன்னும் 1,000. மொத்தம் 9,750-ஐக் கழித்தால் வருமானம் 79,250. அதில் 9.96 சதவீதம், ஆண்டுக்கு சுமார் 7,890 டாலர், பெஞ்ச்மார்க் சில்வர் பிளான் (உங்கள் பகுதியின் இரண்டாவது மலிவான சில்வர் பிளான், மானியத்துக்கு அளவுகோல்) பிரீமியத்தில் உங்கள் பங்கு. அதற்கு மேல் வருவதுதான் மானியம். 78,000 என்று சொன்னதால் திருப்பிக் கட்ட வேண்டியது 125 டாலர் அளவில் நின்றுவிடும். பணத்தை 2027 ஏப்ரல் 15-க்குள் போடலாம் என்றாலும், மார்க்கெட்பிளேஸில் வருமானத்தை இன்றே திருத்துங்கள். டிசம்பரில் கணக்கு இடித்தால் 401கே-யிலிருந்து கடைசித் தவணையை ஜனவரிக்குத் தள்ளுங்கள்.

இனி நியூஜெர்சி. 84,600 வரம்பு அங்கேயும் அதேதான். மாநிலத்துக்கு மாநிலம் மாறுவது அதற்கு மேலும் கீழும் என்ன கிடைக்கும் என்பது. மெடிகெய்ட் (குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) விரிவாக்கம் மாநிலங்களின் விருப்பம் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டெக்சாஸ் இன்றுவரை ஏற்கவில்லை. அதனால் டெக்சாஸில் ஓராண்டு உங்கள் வருமானம் 21,150-க்குக் கீழே போனால் மானியமும் இல்லை, மெடிகெய்டும் இல்லை. சேமிப்பில் வாழ்பவர்கள் ‘இந்த வருஷம் கொஞ்சமாக எடுப்போம்’ என்று சிக்கிக்கொள்வது இங்கேதான். நியூஜெர்சியில் சுமார் 29,860 வரை மெடிகெய்ட் உண்டு. ஆனால் 55 வயதுக்கு மேல் மெடிகெய்ட் செலவழித்ததை, உங்கள் இருவர் காலத்துக்குப் பின் அந்த மாநிலம் சொத்திலிருந்து வசூலிக்கும். வீடு வைத்திருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

நியூஜெர்சி தன் பங்குக்குத் தனி மானியமும் தருகிறது; டெக்சாஸில் அப்படி எதுவும் இல்லை. பதிலுக்கு, காப்பீடு இல்லாமல் இருந்தால் நியூஜெர்சியில் மாநில அபராதம் உண்டு. எச்.எஸ்.ஏ.-வுக்கு அங்கே மாநில வரிச் சலுகை கிடையாது. டெக்சாஸில் மாநில வருமான வரியே இல்லை.

ஆண்டின் நடுவில் மாறுவதாக இருந்தால் பழைய பிளான் உங்களோடு வராது. டிடக்டிபிள் (காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நாம் கட்ட வேண்டிய தொகை) மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பெரிய சிகிச்சை எதற்காவது டிடக்டிபிளைக் கட்டி முடித்திருந்தால் ஜனவரிக்குத் தள்ளுவதே மேல். நடுவில்தான் போக வேண்டும் என்றால், குடிபெயர்ந்த 60 நாட்களுக்குள் புது பிளான் எடுங்கள். அதுவரை பழையதை ரத்து செய்யாதீர்கள். புதியதும் ப்ரான்ஸாகவே இருக்கட்டும். சில்வருக்கு மாறினால் எச்.எஸ்.ஏ. வரம்பு மாதக் கணக்கில் சுருங்கும், 84,600 கணக்கை மறுபடி போட வேண்டியிருக்கும்.