பாதுகாப்புத் தாளில் உள்ள எல்சி50 எண்ணை எப்படிப் படிப்பது?

கேள்வி: நாங்கள் வேலையில் கையாளும் ஒரு தூள் ரசாயனத்தின் பாதுகாப்புத் தரவுத் தாளில் "சுவாச வழி, எலி, எல்சி50: 2.4 மி.கி./லிட்டர், 4 மணி நேரம், தூசி" என்று இருக்கிறது. இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? காற்றில் இந்த அளவுக்குக் கீழே இருந்தால் எங்களுக்கு ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். எடுத்துக்கொள்ளவே கூடாது. அந்தக் காற்றை 4 மணி நேரம் சுவாசித்த எலிகளில் பாதி இறந்துபோகும் என்று கணக்கிடப்பட்ட செறிவு அது. பிழைத்த மறுபாதி நலமாக இருந்தது என்றும் அதற்குப் பொருள் இல்லை. பிழைத்த எலிகள் மூச்சு வாங்க முடியாமல் குறுகி உட்கார்ந்திருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். எலிகளில் அதன் 4 மணி நேர எல்சி50 என்று பரவலாகக் குறிப்பிடப்படுவது 444 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 444 பங்கு. மனித உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் அளவோ 100 பிபிஎம்தான். வேலையிடக் காற்றில் 10 நிமிடச் சராசரிகூட 10 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்பது அதே நிறுவனத்தின் பரிந்துரை. 444 எங்கே, 10 எங்கே! உங்கள் தூளுக்கும் இதே மாதிரி ஒரு கணக்குப் போடலாம். லிட்டருக்கு 2.4 மி.கி. என்றால் கன மீட்டருக்கு 2400 மி.கி. தனி வரம்பு இல்லாத சாதாரணத் தூசிக்கே அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி கன மீட்டருக்கு 15 மி.கி.தான் அனுமதிக்கிறது. 2400 மி.கி. தூசி உள்ள காற்றில் எதிரில் நிற்பவர் முகம்கூடச் சரியாகத் தெரியாது.

இனி முதல் கேள்வி. சுவாச நச்சியல் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்தச் சோதனையில் பாடுபட்டுச் செய்ய வேண்டியது காற்றைத் தயாரிப்பதும் அளப்பதும்தான். வெளியில் இருப்பவர்களுக்கு அது தெரிவதில்லை.

வாய்வழிச் சோதனையில் எலியின் எடையைப் பார்த்து, அதற்கேற்ற அளவை ஊசிக்குழலில் எடுத்து இரைப்பைக்குள் செலுத்திவிடலாம். எவ்வளவு உள்ளே போனது என்பதில் சந்தேகமே வராது. சுவாச வழியில் எலி தானாகத்தான் இழுத்துக்கொள்ள வேண்டும். அது எவ்வளவு இழுத்தது என்பது நேரடியாகத் தெரியாது. சுற்றியிருந்த காற்றில் எவ்வளவு இருந்தது என்பதை மட்டுமே உறுதியாகச் சொல்ல முடியும். அதனால்தான் முடிவும் உடல் எடைக் கணக்கில் வராமல் லிட்டர் கணக்கில் வருகிறது.

தூளுக்கும் நுண்துளிகளுக்கும் பெரும்பாலும் மூக்கு மட்டும் வெளிப்படும் முறையைத்தான் பயன்படுத்துகிறோம். நடுவில் ஓர் உலோக உருளை நிற்கும். அதைச் சுற்றி வரிசையாகத் துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையிலும் ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைச் செருகுவோம். குழாய்க்குள் எலி, அதன் மூக்கு நுனி மட்டும் உருளையின் உட்புறத்தைப் பார்த்திருக்கும். பின்பக்கம் அடைப்பு வழியாக வாலை வெளியே தொங்கவிட வேண்டும். உடல் சூட்டை வெளியேற்ற எலிக்கு வால் ஒரு முக்கியமான வழி. வாலையும் உள்ளே அடைத்துவிட்டால் ரசாயனம் எதுவும் இல்லாமலே அது சூட்டில் தவித்துப்போகும். இதற்கு மாறாக, எலி முழுவதையும் அறைக்குள் விட்டால் தூள் ரோமத்தில் படியும். பிறகு அது தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும்போது ரசாயனம் வயிற்றுக்குப் போய்விடும். இறந்தது மூச்சினாலா வயிற்றினாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அந்த 4 மணி நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் வேலை, எலியின் மூக்கு இருக்கும் இடத்திலிருந்தே காற்றை உறிஞ்சி வடிதாளில் பிடிப்பது. வடிதாளை முன்பே எடைபோட்டு வைத்திருப்போம். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 5 நிமிடம் இழுத்தால் 10 லிட்டர். எடை 24 மி.கி. கூடியிருந்தால் லிட்டருக்கு 2.4 மி.கி. இதை அளவிடப்பட்ட செறிவு என்கிறோம். இதற்குப் பக்கத்திலேயே பெயரளவுச் செறிவு என்று ஒன்று வரும். மொத்தம் செலவான தூளை மொத்தம் ஓடிய காற்றால் வகுத்தால் கிடைப்பது அது. தூள் குழாய்ச் சுவரில் ஒட்டும், வழியிலேயே விழும். அதனால் தூளைப் பொறுத்தவரை பெயரளவு எப்போதும் பெரிதாகவே இருக்கும், சில நேரம் பல மடங்கு. பழைய அறிக்கைகளில் பெயரளவை மட்டும் கொடுத்து அதிலிருந்து எல்சி50 சொல்லியிருந்தால் நான் அதை நம்ப மாட்டேன். பொருளின் நச்சு உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும்படி அந்த எண் ஏமாற்றும்.

அடுத்து, துகளின் அளவு. பொதுவாகப் பின்பற்றப்படும், ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் 403-ஆம் சோதனை வழிகாட்டி, சராசரித் துகள் 1 முதல் 4 மைக்ரோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது. அதைவிடப் பெரியவை எலியின் மூக்கிலேயே தங்கிவிடும், நுரையீரலின் ஆழத்துக்குப் போகாது. விற்பனைக்கு வரும் தூள் இவ்வளவு நுண்ணியதாக இருப்பது அரிது. ஆகவே அரைத்து, சலித்து, அதன் பிறகே ஊதுகிறோம். உங்கள் மூட்டையில் இருப்பது இந்த அளவு நுண்ணியதாக இருக்காது என்பது ஒரு வகையில் ஆறுதல். ஆனால் அரைக்கும் இயந்திரத்துக்கும் சலிக்கும் இடத்துக்கும் அருகில் நிற்பவருக்கு அந்த ஆறுதலும் கிடையாது. அவர் இழுக்கும் மூச்சு ஏறக்குறைய எங்கள் உருளைக்குள் இருந்த காற்று போன்றதே.

வெளிப்பாடு முடிந்ததும் சோதனை முடிந்துவிடாது. பிறகு 14 நாட்கள் பார்க்க வேண்டும். ஃபாஸ்ஜீன் போன்ற வாயுக்கள் உடனே ஒன்றும் செய்யாதது போல இருக்கும், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். முதல் நாள் மாலை ஓடியாடிய எலி மறுநாள் காலையில் இறந்து கிடப்பது அப்படித்தான். எடை பார்ப்போம், மூச்சுச் சத்தம் கேட்போம், மூக்கையும் கண்ணையும் பார்ப்போம். புதிதாகச் சேர்பவர்கள் எலியின் கண்ணைச் சுற்றிச் சிவப்பாகப் படிந்திருப்பதைக் கண்டு இரத்தம் என்று பதறுவார்கள். அது இரத்தம் இல்லை. கண்ணுக்குப் பின்னால் உள்ள ஒரு சுரப்பியிலிருந்து வரும் போர்ஃபிரின் என்ற நிறமி. எலி வேதனையிலோ பயத்திலோ இருக்கும்போது அது அதிகமாகச் சுரக்கும். குழாயில் அடைபட்டிருந்ததாலேயே வரலாம் என்பதால், வெறும் காற்றைச் சுவாசித்த எலிகளோடு ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். கடைசியில் உடற்கூறாய்வு. நலமான நுரையீரல் வெளிர் இளஞ்சிவப்பாக, இலேசாக இருக்கும். பாதிக்கப்பட்டது கருஞ்சிவப்பாக, கனத்து, வெட்டினால் நுரையோடு நீர் கசியும்.

தாளில் "4 மணி நேரம்" என்று எழுதியிருப்பதையும் சும்மா தாண்டிப் போகாதீர்கள். நேரம் கால்வாசியானால் தாங்கக்கூடிய செறிவு நான்கு மடங்காகும் என்று தோன்றும். ஹேபர் விதி என்று அதற்குப் பெயரும் உண்டு. பல பொருள்கள் அதற்குக் கட்டுப்படுவதில்லை. மேலே சொன்ன ஹைட்ரஜன் சல்பைடையே பாருங்கள். 444-ஐ நான்கால் பெருக்கினால் 1776 வரும். எலிகளில் 1 மணி நேரத்துக்குக் குறிப்பிடப்படும் எல்சி50 வெறும் 712. "நான் அரை மணி நேரம்தானே உள்ளே இருக்கப் போகிறேன்" என்று மனக்கணக்குப் போட்டு உள்ளே இறங்குபவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

எலியும் மனிதரும் ஒரே மாதிரி மூச்சு விடுவதில்லை என்பதும் உண்மை. எலி மூக்கால் மட்டுமே சுவாசிக்கும். அதன் மூக்கெலும்பு மடிப்புகள் நம்முடையதைவிடச் சிக்கலானவை, நல்ல வடிகட்டி. எரிச்சலூட்டும் பொருள் பட்டால் மூச்சின் வேகம் தானாகக் குறையும், உடல் சூடும் இறங்கும். ஆக, உள்ளே போகும் அளவும் குறையும். பாரம் தூக்கும் மனிதர் வாயைத் திறந்து ஆழமாக இழுப்பார், எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு வேலையையும் தொடர்வார். எலி எண்ணை அப்படியே மனிதருக்கு வைத்துப் பார்க்கக் கூடாது என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

விலங்குகளைப் பற்றியும் என் மனதில் உள்ளதைச் சொல்ல வேண்டும். பழைய முறையில் குறைந்தது மூன்று செறிவுகள், ஒவ்வொன்றுக்கும் பத்து எலிகள். 2009-இல் வந்த ஓஇசிடி 436 படிப்படியாகச் செல்கிறது, படிக்கு ஆறு எலிகள், எந்த வகைப்பாட்டில் விழும் என்று தெரிந்ததும் நிறுத்திவிடலாம். 2017-இல் வந்த 433 இன்னும் மேலானது. மரணத்தை எண்ணுவதற்குப் பதிலாக, தெளிவான நச்சு அறிகுறிகளைக் கொண்டு முடிவு செய்கிறது. தோலை அரிக்கும் பொருள் என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால் எலிக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டியதே இல்லை என்பது என் உறுதியான கருத்து. வகைப்படுத்த ஒரு எல்லை தெரிந்தால் போதும் என்னும்போது, பாதி எலிகள் சாகும் புள்ளியைத் துல்லியமாகத் தேடுவதை என்னால் ஏற்க முடிவதில்லை.

உங்கள் தாளுக்கு வருகிறேன். தூசியில் எல்சி50 லிட்டருக்கு 1.0 மி.கி.க்கு மேல் 5 மி.கி. வரை என்றால், ரசாயனங்களை வகைப்படுத்தும் உலகப் பொது முறையான ஜிஹெச்எஸ்ஸில் நான்காம் வகை, "சுவாசித்தால் தீங்கு" என்ற எச்332 வாசகம் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணுக்கு முன்னால் "அதிகம்" என்ற குறி (>) இருந்தால், சோதித்த அளவு வரை பாதி எலிகள் சாகவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவாசிப்பதைப் பற்றி எல்சி50 எதுவுமே சொல்லாது. படிகச் சிலிக்கா ஒரே நாளில் யாரையும் கொல்வதில்லை, ஆனால் ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவரின் நுரையீரலைத் தழும்பாக்கிவிடுகிறது. வேலையிட வரம்பு அந்தத் தாளின் எட்டாம் பிரிவில் இருக்கும், நீங்கள் பார்த்த எண் பதினொன்றாம் பிரிவில் இருப்பது. எட்டாம் பிரிவு காலியாக இருந்தால், பொருளை விற்றவரிடம் மூன்று விவரங்களை எழுத்தில் கேளுங்கள்: அந்த 2.4 அளவிடப்பட்ட செறிவா பெயரளவா, சோதித்த துகளின் அளவு என்ன, இறந்த எலிகள் எத்தனையாவது நாளில் இறந்தன. பதில் வரும்வரை தூசியை உறிஞ்சும் காற்றோட்டமும் பொருத்தமான முகக்கவசமும் இல்லாமல் அந்த மூட்டையைப் பிரிக்க வேண்டாம்.