குவாரிக்கு எதிராகக் குழு தொடங்கும் முன்

கேள்வி: எங்கள் ஊர் ஏரியை ஒட்டிக் கல்குவாரி வரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. சிலர் சேர்ந்து எதிர்ப்புக் குழு தொடங்க நினைக்கிறோம். அதைப் பதிவு செய்ய வேண்டுமா? இத்தகைய குழுவால் உண்மையில் எதையாவது மாற்ற முடியுமா?

பதில்: முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாதவர்கள், அந்த அதிகாரம் உள்ளவரை முடிவை மாற்றச் செய்வதற்காக ஒன்றுகூடுவதே போராட்டக் குழு. ஆகவே, குழுவுக்குப் பெயர் சூட்டும் முன், உங்கள் குவாரிக்கான உத்தரவில் கையெழுத்திடப் போவது யார் என்று விசாரியுங்கள். கருங்கல், ஜல்லி போன்ற சிறு கனிமங்களுக்குக் குத்தகை வழங்குவதில் மாவட்ட ஆட்சியருக்கும், சுற்றுச்சூழல் அனுமதியில் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கும் முக்கியப் பங்கு உண்டு. தாசில்தார் அலுவலக வாசலில் நாள் கணக்கில் உட்கார்ந்தாலும், தன்னால் ரத்து செய்ய முடியாததை அவர் ரத்து செய்யப்போவதில்லை.

மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில் டங்ஸ்டன் என்ற உலோகக் கனிமச் சுரங்கத்துக்கு எதிராக நடந்த போராட்டம் இதற்கு நல்ல சான்று. 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியையும் உள்ளடக்கிய பகுதிக்கான ஏல முடிவு 2024 நவம்பரில் வெளியானது. 2023ஆம் ஆண்டின் கனிமச் சட்டத் திருத்தத்தின்படி அந்தக் கனிமத்தை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசிடம் இருந்ததால், மாநில அரசை மட்டும் நெருக்கிப் பயனில்லை. கிராம சபைகள் தீர்மானம் நிறைவேற்றின. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. அந்த மாத இறுதியில், பாரம்பரியத் தலத்தை விலக்கிவிட்டு எல்லையை மறுஆய்வு செய்யலாம் என்று டெல்லி இறங்கி வந்தது. பல போராட்டங்கள் கலைந்துபோவது இந்த இடத்தில்தான். மேலூர் மக்களோ பாதி விட்டுக்கொடுப்பை ஏற்காமல், 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்குப் பேரணியாகச் சென்றார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் முழுவதுமாக ரத்தானது.

இனி உங்கள் ஊருக்கு வருவோம். கூடிக் கோரிக்கை வைப்பதற்குப் பதிவு முன்நிபந்தனை இல்லை; ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு தருகிறது. நன்கொடை வசூலித்து நிலையான சங்கமாக இயங்கப்போகிறீர்கள் என்றால், 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிந்துகொள்ளுங்கள். குறைந்தது 7 பேர் வேண்டும். ஆர்ப்பாட்டத்துக்குக் காவல் நிலையத்தில் இடம், நேரம், எதிர்பார்க்கும் கூட்டம், ஒலிபெருக்கி ஆகிய விவரங்களுடன் மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள்; உயர் நீதிமன்றத்தில் அந்தத் தாள் உதவும்.

கிராம சபைத் தீர்மானம் குவாரியைத் தானாகத் தடுத்துவிடாது என்றாலும், பின்னர் கோப்பிலும் வழக்கிலும் அது ஆவணமாக நிற்கும். பொதுக் கருத்துக் கேட்பு நடத்தப்படும் திட்டமென்றால், குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும் என்பது விதி. கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பை மக்களுக்குப் புரியும் மொழியில் வாசித்துக்காட்ட வேண்டும். பெரும்பாலோர் அதற்குள் பேருந்தைப் பிடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். உங்கள் குழுவில் இருவராவது கடைசி வரை உட்கார்ந்து, ஏரி, கிணறு, வெடிச்சத்தம் குறித்து நீங்கள் சொன்னவை அதில் ஏறியிருக்கின்றனவா என்று கவனிக்க வேண்டும். எதிர்ப்பையும் மீறிச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டால், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை தாமதத்தை அது ஏற்கலாம்.