வியாபாரம்தானே என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்

பணக்கார நாடுகள் ஏழை நாடுகளின் வளத்தையும் உழைப்பையும் சுரண்டுகின்றனவா, இல்லை இரண்டு பக்கமும் சம்மதித்துச் செய்யும் வியாபாரம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். சுரண்டுகின்றன என்பதே என் பதில். ஆனால் 'கட்டுப்படியாகாவிட்டால் விற்காமல் இருக்கலாமே' என்று எதிர்ப்பக்கம் நின்று வாதாடியவன்தான் நானும். என் எண்ணத்தை அசைத்தது நவூரு என்ற குட்டித் தீவின் கதை.

பசிபிக் கடலில் 21 சதுர கிலோமீட்டர். அவ்வளவுதான் அந்த நாடு. நிலத்தில் கிடந்ததோ உரம் செய்ய உதவும் உயர்தரப் பாஸ்பேட். ஜெர்மனியின் ஆட்சியில் இருந்தபோதே தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் கூட்டாக ஓர் ஆணையம் அமைத்து அந்தத் தொழிலை எடுத்துக்கொண்டன. விலை வைத்ததும் அவர்களே, வாங்கியதும் அவர்களே. உலகச் சந்தையைவிடக் குறைந்த விலைக்கு எடுத்துப் போய்த் தங்கள் விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். தீவுக்காரர்களுக்கு ராயல்டி என்ற பெயரில் ஏதோ சொற்பம். தோண்டி முடித்த இடமெல்லாம் பல் பல்லாகச் சுண்ணாம்புப் பாறை. விதைக்கவும் முடியாது, வீடு கட்டவும் முடியாது. 1968ல் விடுதலை அடைந்த நவூரு, 1989ல் ஆஸ்திரேலியாவைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது. வழக்கை எடுக்கவே கூடாது என்று ஆஸ்திரேலியா சொன்ன ஆட்சேபங்களில் பெரும்பாலானவை 1992ல் தள்ளுபடியாயின. மறு வருடமே ஆஸ்திரேலியா 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் தருவதாகச் சொல்லி நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடித்துக்கொண்டது.

விடுதலைக்குப் பிறகு தொழில் நவூருவின் கைக்கு வந்தது, பணமும் கொட்டியது. அதை அவர்கள் ஊதாரித்தனமாகச் செலவழித்ததும் உண்மை. 1993ல் லண்டனில் லியனார்டோ டாவின்சி பற்றிய ஓர் இசை நாடகத்துக்குப் பணம் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டார்கள்! அந்தப் பழியை வேறு யார் மேலும் போட முடியாது. அப்புறம் பாஸ்பேட்டும் தீரத் தொடங்கி, கஜானாவும் காலியானபோது, 2001ல் ஆஸ்திரேலியா மறுபடி வந்தது. படகேறித் தன் கரைக்கு வரும் அகதிகளை அடைத்துவைக்க அதற்கு ஓர் இடம் வேண்டும். பணம் தருகிறோம் என்றது. நவூரு சரி என்றது. காகிதத்தில் பார்த்தால் இதுவும் இரண்டு பக்கமும் சம்மதித்த ஒப்பந்தம்தான்.

அதனால் இப்போதெல்லாம் சம்மதம் இருந்ததா என்று நான் கேட்பதில்லை. விலையை யார் வைத்தார்கள், விற்கிறவருக்கு முடியாது என்று சொல்ல வழி இருந்ததா என்றுதான் பார்க்கிறேன்.

முடியாது என்று சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு இந்தோனேசியா இருக்கிறது. நிக்கல் தாதுவை அப்படியே கப்பலேற்றக் கூடாது, இங்கேயே உருக்கிவிட்டுக் கொண்டுபோங்கள் என்று 2020ல் தடை போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட, 2022ல் இந்தோனேசியாவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. இந்தோனேசியா மேல்முறையீடு செய்தது. அங்கே விசாரிக்க ஆளே இல்லை. புதிய உறுப்பினர்கள் நியமனத்தை அமெரிக்கா தடுத்துவந்ததால் அந்த மேல்முறையீட்டு அமர்வு 2019 கடைசியிலிருந்தே முடங்கிக் கிடந்தது. (விதிகளை எழுதியவர்களே போட்ட முட்டுக்கட்டை, இந்த ஒரு முறை மற்றவருக்கு உதவியது.) சரி, உருக்காலைகள் வந்தனவா? வந்தன. பெரும்பாலும் சீன நிறுவனங்களின் பணத்தில். சுரண்டல் என்றாலே மேற்கத்திய நாடுகள்தான் என்று நினைப்பவர்கள் இதையும், காங்கோவின் கோபால்ட் சுரங்கங்கள் இன்று பெரும்பாலும் யார் கையில் இருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும்.

உழைப்பு விஷயத்தில் எனக்கு ராணா பிளாசாதான் மறக்காது. 2013 ஏப்ரல் 24, டாக்காவுக்கு அருகே சாவரில் இடிந்து விழுந்து 1,134 பேரைக் கொன்ற கட்டடம். முந்தின நாளே விரிசல் தெரிந்துவிட்டது. அதே கட்டடத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியே அனுப்பிவிட்டது. தையல் தொழிலாளர்களை மட்டும் வேலைக்கு வரச் சொன்னார்கள். ஆர்டருக்குக் கெடு இருந்தது. வரச் சொன்னவர்கள் உள்ளூர் முதலாளிகள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆடைத் தொழிலால் லட்சக்கணக்கான வங்கதேசப் பெண்கள் முதல்முறையாகச் சம்பளம் பார்த்ததும் உண்மை. ஆனால் விபத்து நடந்த சில வாரங்களிலேயே வெளிநாட்டு ஆடை நிறுவனங்கள் பல, சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு ஆலைகளைச் சோதிக்க ஆரம்பித்தன. அதற்கான பணம் முந்தின வருடமும் அவர்களிடம் இருந்திருக்கும்தானே?

பேரம் பேசி ஜெயித்தவர்களும் உண்டு. ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானா தன் வைரச் சுரங்கங்களை டி பியர்ஸ் என்ற பெரிய வைர நிறுவனத்தோடு பாதிக்குப் பாதி கூட்டாக வைத்திருக்கிறது. பட்டை தீட்டாத வைரத்தில் அரசு தானே விற்றுக்கொள்ளும் பங்கு 25 சதவீதமாக இருந்தது. இது போதாது, ஒப்பந்தத்தையே முறித்துக்கொள்வோம் என்று மிரட்டி, 2023ல் அதை 30 ஆக்கி, பத்து ஆண்டில் 50 வரை உயர்த்தவும் ஒப்புக்கொள்ள வைத்தார்கள். ஆனால் ஆய்வகத்தில் செய்யும் வைரம் வந்து சந்தையை இறக்கிவிட்டது. அடுத்த பேரத்துக்கு உட்காரும்போது அதே குரலில் பேச முடியுமா என்பது சந்தேகம்தான்.