மாநில வரி ரிட்டர்னில் நன்கொடை: கையிலிருந்து போகுமா, வரியிலிருந்து போகுமா?

கேள்வி: நாங்கள் கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். 2025-க்கான ரிட்டர்னை நானே சாஃப்ட்வேரில் போடுகிறேன். மாநில ரிட்டர்ன் முடியும் இடத்தில் ஆல்சைமர் (மறதி நோய்) ஆராய்ச்சி, மார்பகப் புற்றுநோய், கடல் நீர்நாய் என்று ஒரு பட்டியல் வந்து, எவ்வளவு தர விருப்பம் என்று கேட்கிறது. என் அப்பா மறதி நோயில் நாலு வருடம் கஷ்டப்பட்டுப் போனவர். அவர் நினைவாக 300 டாலர் போடலாமா? "எப்படியும் வரியாகப் போகிற பணம்தானே" என்கிறார் கணவர். வாடகை வீடு, இருவருக்கும் வேலை. மாநில ரீஃபண்ட் 640 டாலர்.

பதில்: அப்பா நினைவாகத் தர நினைப்பது நல்ல காரியம், தாருங்கள். ஆனால் உங்கள் கணவர் சொல்வது சரியில்லை. அது வரியிலிருந்து பிரித்துக் கொடுக்கும் பணம் இல்லை. 300 என்று போட்டால் வங்கிக்கு வரும் ரீஃபண்ட் 340தான். வரி பாக்கி இருப்பவர்களுக்குப் பாக்கி அந்த அளவு கூடும்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். மத்திய அரசுக்கு (ஃபெடரல்) போடும் 1040 வரிப் படிவத்தின் முதல் பக்கத்தில் ஜனாதிபதி தேர்தல் நிதிக்கு 3 டாலர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்தால் உங்கள் வரியும் ரீஃபண்டும் மாறாது. மாநிலப் படிவத்தில் வருவது வேறு வகை. 1977-ல் கொலராடோ காட்டுயிர்களுக்காகத் தொடங்கிய வழக்கம் அது, பிறகு மற்ற மாநிலங்களுக்கும் பரவியது.

இப்போது உங்கள் 300. கம்பெனி நன்கொடைக்கு இணையாகப் பணம் போடுமா என்று முதலில் இருவரும் விசாரியுங்கள். போடும் என்றால், ஆல்சைமருக்காக வேலை செய்யும் ஓர் அமைப்புக்கு நேரடியாக 250 தாருங்கள், அது 500 ஆகும். ரிட்டர்ன் வழியாகத் தரும் பணத்துக்கு அந்த இரட்டிப்பை நம்ப முடியாது. மீதி 50-ஐ ரிட்டர்னில் 401 எண்ணுள்ள ஆல்சைமர் நிதிக்குப் போடுங்கள். அதையும் ஏன் விடக்கூடாது என்கிறேன் என்றால், அந்தப் பணம் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை வழியாக ஆராய்ச்சிக்குப் போகிறது. தவிர, இந்தப் பட்டியலில் உள்ள பல நிதிகள் ஆண்டுக்குக் குறைந்தது இரண்டரை லட்சம் டாலர் திரட்டாவிட்டால் படிவத்திலிருந்தே எடுக்கப்பட்டுவிடும். பத்துப் பத்து டாலராகச் சேர்ந்துதான் அவை பிழைத்திருக்கின்றன. கம்பெனி எதுவும் தராது என்றால் முழு 300-ஐயும் இங்கேயே போடலாம், தப்பில்லை.

வரிச் சலுகை? நீங்கள் பணம் தருவது 2026-ல், அதனால் அடுத்த வருடம் போடும் ரிட்டர்னில்தான் கணக்கு. செலவுகளைத் தனித்தனியாகக் காட்டாமல் ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் என்ற நிலையான கழிவை (2025-ல் தம்பதிக்கு 31,500 டாலர்) எடுப்பவர்களுக்கு 2022 முதல் 2025 வரை இதில் ஒன்றும் கிடைக்கவில்லை. 2026 முதல் அவர்களும் ரொக்க நன்கொடையில் தம்பதியாக 2,000 டாலர் வரை ஃபெடரல் வருமானத்தில் கழிக்கலாம். 24 சதவீத வரி அடுக்கில் இருந்தால் 300-க்கு 72 டாலர் மிச்சம். அதற்கு ரிட்டர்ன் நகலும் அமைப்பின் ரசீதும் கையில் இருக்க வேண்டும்.

அப்புறம் ஒன்று. கலிஃபோர்னியாவில் ரிட்டர்னை அனுப்பிய பின் இந்தத் தொகையை மாற்ற முடியாது. 50 போட நினைத்து 500 அடித்துவிட்டால் போனதுதான். அனுப்பும் முன் அந்த ஒரு பக்கத்தை மட்டும் கணவரோடு உட்கார்ந்து இன்னொரு முறை பாருங்கள்.