பதில்: கே.வி.குப்பத்தில் மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பயிற்சி மையத்துக்கு அரசு நிதி கிடைக்குமா?

வணக்கம். பெற்றோர்கள் சேர்ந்து மூன்று வருடமாக மையம் நடத்துகிறீர்கள், வாடகையும் ஒரு பயிற்றுநர் சம்பளமும்தான் கையைக் கடிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கிடைக்க வழி இருக்கிறது.

முதலில் பதிவைப் பாருங்கள். சங்கப் பதிவு மட்டும் போதாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 50ஆவது பிரிவுப்படி நிறுவனத்துக்குத் தனிப் பதிவுச் சான்று வேண்டும். வேலூர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். அப்புறம் தொண்டு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் தர்பன் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள்.

மத்திய அரசின் தீனதயாள் மறுவாழ்வுத் திட்டம் சிறப்புப் பள்ளி, ஆரம்பநிலைப் பயிற்சி (குறைபாட்டைச் சிறு வயதிலேயே கண்டு தரும் பயிற்சி) போன்றவற்றுக்கானது. வெறும் உரிமை வகுப்பு என்று எழுதினால் அதில் பொருந்தாது. குழந்தைகளுக்கான ஆரம்பநிலைப் பயிற்சியை உண்மையிலேயே நடத்தினால் அதை முன்னே வைத்து எழுதுங்கள். மாநிலத்தில் உலக வங்கி உதவியோடு நடக்கும் உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' சேவை மையங்கள் வருகின்றன. அவர்களோடு சேர்ந்து வேலை செய்ய முடியுமா என்றும் விசாரியுங்கள்.

நிதிக்கு விண்ணப்பித்தால் அதிகாரிகள் மையத்தை ஆய்வு செய்ய வருவார்கள். எங்கள் மையம் முன்பு மாடியில் இருந்தது. ஒரு அம்மா பதினான்கு வயது மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, படிக்குப் படி நின்று மூச்சு வாங்கி ஏறினார். பார்க்கவே மனசு தாங்கவில்லை. மறு மாதமே கீழ்த்தள அறைக்கு மாறிச் சாய்தளம் போட்டோம். உங்கள் வாசலை இன்றே பாருங்கள்.

பணம் வரும்வரை, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் ஒரு வழக்கறிஞரை வகுப்பெடுக்கக் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு.